காணாததும் இல்லாததும்

ஒரு மென்பொருளைச் சோதித்து முடித்தவர் கடைசியில் கையெழுத்திட்டுத் தருவது ஓர் இன்மையைப் பற்றிய வாக்குமூலம். இத்தனை டெஸ்ட் கேஸ் ஓட்டினேன், எல்லாம் பாஸ், ஆகவே இதில் பக் இல்லை என்கிறார். முன்பாதி அவர் கண்டது. பின்பாதி அவர் காணாதது. காணாததிலிருந்து இல்லாததற்குத் தாவ அவருக்கு என்ன உரிமை? இந்தக் கேள்வி எழ வேண்டிய இடம் கல்லூரி வகுப்பறை. சேலத்தில் அதற்குக் குறைவில்லை: சேர்வராயன் மலையடிவாரத்தை ஒட்டிக் கருப்பூரில் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது, பெரியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. சேலத்தைச் சுற்றி அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த தனியார் கல்லூரிகளும் பல. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் மென்பொருள் சோதனை ஒரு விருப்பப் பாடம்தான். அதைத் தொடாமலே கணினிப் பொறியாளர் ஆகிவிடலாம். எடுத்துப் படிப்பவருக்கு டெஸ்ட் கேஸ் எழுதும் முறைகளும் செலினியம் போன்ற கருவிகளும் கிடைக்கின்றன. மேலே கேட்ட கேள்வி கிடைப்பது ஆசிரியரின் விருப்பத்தைப் பொறுத்தது. அந்தக் கேள்விதான் இந்தப் பாடத்தின் உயிர் என்று நினைக்கிறேன்.

இல்லாத ஒன்றை அறிவது எப்படி என்று நம் தத்துவ மரபுகள் பல நூற்றாண்டுகள் வாதிட்டிருக்கின்றன. தரையில் குடம் இல்லை என்று எனக்குத் தெரிகிறது. அதை எந்த அளவையால், அதாவது அறியும் வழியால், அறிந்தேன்? கண்ணால் கண்டது வெறுந்தரையைத்தானே? காணாமையே ஒரு தனி அளவை என்றார்கள் குமாரில பட்டரின் வழிவந்த மீமாம்சகர்கள். தேவையில்லை, இன்மையும் காட்சிக்குள் அடங்கும் என்றார்கள் நையாயிகர்கள். தமிழும் இதில் ஒதுங்கி நிற்கவில்லை. மணிமேகலையின் 29ஆம் காதையில் காஞ்சியில் அறவண அடிகள் நடத்தும் பாடம் பெரும்பாலும், எந்த ஏது (காரணம்) செல்லும், எது செல்லாது என்பதைப் பற்றியது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் அளவைகளைப் பத்தாக எண்ணி, அவற்றுள் இன்மையைக் குறிக்கும் அபாவத்தையும் வைத்து, பிறகு எல்லாவற்றையும் காட்சி, கருதல், உரை என்ற மூன்றில் அடக்குகிறார். ஆனால் சோதனைப் பாடத்துக்கு நேரடியாக உதவும் பதிலைத் தந்தவர் 7ஆம் நூற்றாண்டுப் பௌத்தர் தருமகீர்த்தி. காணாமை எல்லாம் ஒரே வகை அல்ல என்றார் அவர். இருந்திருந்தால் கட்டாயம் கண்ணில் பட்டிருக்கும், காண்பதற்கு வேண்டிய மற்ற எல்லாமும் கூடியிருந்தன என்ற நிலையில் காணாவிட்டால், இல்லை என்று துணிந்து சொல்லலாம். அந்த நிலை இல்லாதபோது காணாமை ஐயத்தை மட்டுமே தரும். ஏற்காட்டு லேடீஸ் சீட்டில் மூடுபனி இறங்கிய காலையில் நிற்பவருக்குக் கீழே சேலம் நகரம் தெரியாது. சேலம் இல்லை என்று அவர் சொல்லமாட்டார்.

இதைக் கணினியில் பொருத்திப் பார்க்க, முதலிரண்டு ஆண்டுகளுக்குள் எல்லா மாணவரும் எழுதும் பைனரி சர்ச் போதும். வரிசைப்படுத்திய பட்டியலின் கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் கூட்டி இரண்டால் வகுத்து நடு இடத்தைப் பார்க்கிறோம். தேடுவது அங்கே இல்லையென்றால் ஒரு பாதியைத் தள்ளிவிடுகிறோம். கணினி அறிஞர் ஜான் பென்ட்லி 1986இல் வெளிவந்த தம் புகழ்பெற்ற நூலில் இந்த நிரலைச் சரியென நிறுவியே காட்டினார். ஜாவா மொழியின் நூலகத்திலும் அதே முறை இடம்பெற்றது. 2006இல் மென்பொருள் பொறியாளர் ஜோஷுவா பிளாக் அதில் பிழை இருப்பதை உலகுக்குச் சொன்னார். அப்போது அது ஜாவாவில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளாக இருந்திருந்தது. பட்டியலில் 107 கோடிக்கு மேல் உறுப்புகள் இருந்தால், இரண்டு எல்லைகளின் கூட்டுத்தொகை 2,147,483,647 என்ற உச்சத்தைத் தாண்டி எதிர்மறை எண்ணாக மாறிவிடும். முழு எண்களால் நிரப்பினால் அப்படிப்பட்ட பட்டியலுக்கு 4 ஜிபி நினைவகம் வேண்டும். 1986இன் கல்லூரி லேபில் அதற்கு வழியே இல்லை. அன்று ஆயிரம் டெஸ்ட் கேஸ் ஓட்டியிருந்தாலும் ஆயிரமும் பாஸ்தான். தருமகீர்த்தியின் நிபந்தனைப்படி, அந்தப் பிழை காணத்தக்க நிலையில் இருக்கவில்லை. ஆகவே அந்தப் பாஸ்களுக்கு அந்த எல்லையைப் பற்றிப் பேச உரிமையும் இருக்கவில்லை. 1996 ஜூன் 4 அன்று ஏரியன் 5 ராக்கெட் புறப்பட்டு ஒரு நிமிடம் முடியுமுன் அழிந்ததும் இதே வகைதான்: ஏரியன் 4இல் குறையின்றி ஓடிய நிரல், அதைவிட வேகமான பாதையில் தன் எண்ணளவைத் தாண்டியது.

ஏற்காட்டில் இந்திய தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. தாவரவியலாளர்கள் காணாமையைக் கையாளும் விதத்தைக் கணினி மாணவர்கள் அவசியம் பார்க்க வேண்டும். தரையில் முளைக்கும் ஆர்க்கிட்டுகளில் பல, கோடையில் மண்ணுக்குள் கிழங்காக உறங்கி, மழைக்குப் பின்தான் இலையும் பூவும் விடும். மார்ச் மாதத்தில் ஒரு சரிவை நடந்து பார்த்து, இங்கே அந்தச் செடி இல்லை என்று எழுதினால் அந்தத் துறையில் ஏற்கமாட்டார்கள். எங்கே, எந்த நாளில், எந்த உயரத்தில் என்பதெல்லாம் பதிவில் இருக்க வேண்டும். ஏனென்றால் அவை இல்லாமல் ‘காணவில்லை’ என்பதற்குப் பொருளே கிடையாது. நம் மாணவர்களின் ரெக்கார்ட் நோட்டில் உள்ளீடு, எதிர்பார்த்த விடை, கிடைத்த விடை, பாஸ் அல்லது ஃபெயில் என்று கட்டங்கள் இருக்கின்றன. பிழை இருந்திருந்தால் இந்தச் சோதனையில் அது ஏன் தென்பட்டிருக்கும் என்று எழுத ஒரு கட்டம் இல்லை.

இதையெல்லாம் வகுப்பில் கற்பிக்கச் சொன்னால், கேம்பஸ் இன்டர்வியூவில் தருமகீர்த்தியை யார் கேட்கப்போகிறார்கள் என்பது முதல் மறுப்பு. கடன் வாங்கிப் படிக்க வைத்த பெற்றோருக்கு வேலைதான் முதல் கவலை, அது நியாயமான கவலை. கருவிகளைக் கற்பிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கருவி காலத்துக்குக் காலம் மாறும், எது காணத்தக்கது என்று யோசிக்கும் பழக்கம் மாறாது. வேலையில் பத்தாண்டு நிலைக்க வைப்பதும் அந்தப் பழக்கமே. இரண்டாவது மறுப்பு கனமானது: சோதனையை விட்டு, நிரலைக் கணிதமாக நிறுவினால் என்ன? சோதனை பிழையின் இருப்பைக் காட்டுமே தவிர இன்மையைக் காட்டாது என்று கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா வாதிட்டது இந்தத் துறையில் எல்லோரும் அறிந்ததுதான். நிறுவுவது நல்ல வழி. முடிந்த இடத்தில் செய்ய வேண்டும். ஆனால் பென்ட்லியின் நிறுவலில் எண்களுக்கு எல்லையில்லை, இயந்திரத்தில் எல்லை உண்டு. எங்கே நெருப்போ அங்கே புகை என்பவரிடம், ஈர விறகு என்ற மறைந்த நிபந்தனையைச் சுட்டி மறுத்தார்கள் நையாயிகர்கள். உபாதி என்பார்கள் அதை. நிறுவலுக்கும் உபாதி உண்டு. டைக்ஸ்ட்ராவின் கூற்றையும் அளவோடுதான் ஏற்க முடியும்: மூன்று ஆம்-இல்லை உள்ளீடுகளை மட்டுமே பார்த்து விடைசொல்லும் சிறு நிரலின் எட்டுச் சேர்க்கைகளையும் ஓட்டிப் பார்த்தவர், அதன் விடைகளில் பிழை இல்லை என்று தாராளமாகச் சொல்லலாம். வெறுந்தரையில் குடம் இல்லை என்பதைப் போன்ற அறிவு அது.

பழையவர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று பெருமை பேசும் முயற்சியா இது என்று கேட்பவர்களும் உண்டு. இல்லை. பழையவர்களுக்குக் கணினி தெரியாது. தெரிந்திருந்தது என்று சொன்னால் அது அவர்களுக்கே இழுக்கு. அவர்கள் வாதிட்டது ஆன்மா உண்டா, முற்றறிவன் உண்டா என்பதற்காக. கண்ணுக்கு எட்டாத பொருளைக் காணவில்லை என்பதால் மட்டும் மறுக்க முடியாது என்று தருமகீர்த்தி ஒத்துக்கொண்டது, ஆன்மாவை ஏற்காத ஒரு பௌத்தர் தம் கட்சிக்கே போட்டுக்கொண்ட கடிவாளம். தனக்குச் சாதகமான காணாமையையும் அதே கண்டிப்போடு நிறுத்துப் பார்க்கும் அந்த நேர்மையை வகுப்பறைக்குக் கொண்டுவர முடியும். நேற்று இரவு தானே எழுதிய நிரலைச் சோதிக்கும் மாணவருக்கு எல்லாம் பாஸ் ஆக வேண்டும் என்ற ஆசை இருக்கும். அந்த ஆசை டெஸ்ட் கேஸைத் தேர்ந்தெடுப்பதில் நுழைந்துவிடும். தேர்வில் இதற்கு இடம் இருந்தால்தான் வகுப்பிலும் இடம் கிடைக்கும் என்பது நம் கல்லூரிகளின் நிலை. பல்கலைக்கழகத் தேர்வுத்தாளில் பகுதி சி-யின் 15 மதிப்பெண் கேள்வியாக, ஒரு சிறு நிரலையும் எல்லாம் பாஸ் என்று முடியும் ஒரு ரிப்போர்ட்டையும் அச்சிட்டுக் கொடுக்கலாம்: இதை நம்பி எவை இல்லை என்று சொல்லலாம், எவற்றைப் பற்றி வாய் திறக்கக் கூடாது, ஏன்?