கைப்பேசியும் வாய்மை விரதமும்

இல்லறத்தார்க்கு வகுக்கப்பட்ட ஐந்து அணுவிரதங்களுள் கொல்லாமையை அடுத்து நிற்பது வாய்மை. "நான் பொய் சொல்வதில்லை" என்பதோடு இவ்விரதம் நிறைவுற்றதாக நம்மில் பலர் எண்ணுகிறோம். பிறர் புனைந்த பொய்யை, பொய்யென்று அறியாமல், நாம் மற்றவர்க்கு அனுப்பினால் அது விரத பங்கம் ஆகுமா? நம் பாட்டனார் காலத்தில் அரிதாகவே எழுந்திருக்கக்கூடிய இவ்வினா, இன்று நாள்தோறும் நம் உள்ளங்கையில் எழுகிறது.

முன்னாளில் செய்தி அச்சேறுமுன் பல கைகளைக் கடந்தது. நிருபர் எழுதி அனுப்பியதை உதவி ஆசிரியர் கேள்வி கேட்பார். பெயரையும் ஊரையும் சரிபார்ப்பார். ஐயம் தீராவிடில் நிறுத்தி வைப்பார். யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்னும் ஆறு வினாக்களே இதழியல் மாணவர்க்கு முதற்பாடம். இன்று அப்பாடத்தோடு புதியன பல சேர்ந்துள்ளன. ஒரு படம் இதற்கு முன் எங்கே வெளியாயிற்று என்று கணினி வழியே தேடுதல், பழைய காட்சிக்குப் புதிய தேதி இடப்பட்டதா என ஆராய்தல் ஆகியனவும் கற்பிக்கப்படுகின்றன. 2018-ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனம், தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளிலும் ஆங்கிலத்திலும் 8,000 செய்தியாளர்க்கு இத்தகைய பயிற்சி அளிக்கத் திட்டமிட்டது.

செய்தியாளர் கற்கின்றனர், நன்று. ஆனால் செய்தியைப் பரப்புவோர் இன்று அவர்கள் மட்டுமல்லர். இராசபாளையத்துக்கும் திருவில்லிபுத்தூருக்கும் இடையிலுள்ள எங்கள் வன்னியம்பட்டியிலும், நாளிதழைப் பிரிக்குமுன்பே கைப்பேசியில் செய்தி வந்துவிடுகிறது. அதனைத் திருத்த அங்கே உதவி ஆசிரியர் எவரும் இல்லை.

இதன் விளைவை நம் சமூகத்தார் தொன்றுதொட்டு வாழும் திருவண்ணாமலை மாவட்டமே கண்டது. 2018 மே மாதம், பிள்ளை பிடிக்கும் கூட்டம் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் புரளி பரவியிருந்தது. அந்நாளில் சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலை நாடி வந்த ஒரு குடும்பத்தினர், போளூரை அடுத்த அத்திமூரில் வழி கேட்க நின்றனர். அங்கிருந்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார் உடன் வந்த மூதாட்டி. அதுவே குற்றமாயிற்று. ஊரார் திரண்டு அடித்ததில் அவர் உயிர் நீத்தார். உடன் வந்தோர் படுகாயமுற்றனர். திருமலையில் நேமிநாதப் பெருமான் கொலுவீற்றிருக்கும் அதே போளூர் வட்டாரத்தில் இது நிகழ்ந்தது.

அவ்வாண்டு இந்தியாவெங்கும் பரவிய காட்சிகளுள் ஒன்று, கராச்சியில் குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக எடுக்கப்பட்ட படம். மோட்டார் சைக்கிளில் வந்தவர் குழந்தையைத் தூக்கிச் சென்று, பின் திருப்பி விட்டுவிட்டு, அறிவுரைப் பலகையைக் காட்டுவதாக அது முடியும். அம்முடிவை யாரோ வெட்டியெறிந்தனர். எஞ்சிய பகுதியில் பொய்யான காட்சி ஒன்றுமில்லை, முழுமைதான் இல்லை. ஒரு கூற்றையே முழு உண்மையெனக் கொள்ளும் ஏகாந்தம் எத்துணைக் கொடிது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

இனி, நம் நூல்கள் கூறுவதைக் காண்போம். தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம், வாய்மை விரதத்துக்குரிய ஐந்து அதிசாரங்களுள் பொய்யாவணம் எழுதுதலையும் பிறர் மறைபொருளை வெளிப்படுத்துதலையும் எண்ணுகிறது. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகமோ, தான் பொய் கூறாமையோடு பிறரைக் கூறச் செய்யாமையையும், கேடு பயக்குமாயின் மெய்யையும் உரையாமையையும் இவ்விரதத்துள் அடக்குகிறது. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றும் வினைக்கு வாயில்கள். எழுதியவன் செய்தான், அனுப்பியவன் செய்வித்தான், கண்டு பாராட்டுக்குறி இட்டவன் உடன்பட்டான்.

"நல்லெண்ணத்தால் அன்றோ அனுப்பினேன்? என் பேரக் குழந்தைகளின் மீதுள்ள அன்பன்றோ காரணம்?" என்று ஒருவர் கேட்கலாம். இது புறந்தள்ளத்தக்க வினாவன்று. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் தவித்த பலர்க்கு உதவி கிட்டியது, முன்பின் அறியாதார் அனுப்பிய செய்திகளால்தான். யாவரும் வாளாவிருந்திருப்பின் துன்பம் பெருகியிருக்கும். ஆனால் முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்ற புரளியும் அதே வழியில்தான் பரவியது. இரண்டையும் அனுப்பியோர் உள்ளத்தில் அன்பு இருந்திருக்கலாம். விசாரித்தல் என்ற ஒன்றே இரண்டையும் பிரித்தறிய உதவும். நம் ஆசாரியர்கள் பொய்க்கும் கொலைக்கும் அடிப்படையாகக் கூறுவது பிரமாதம், அதாவது விழிப்பின்மை. தீய எண்ணம் இல்லை என்பதால் விழிப்பின்மையின் வினை நம்மைப் பற்றாது என்று எண்ணுதல் தகாது. நிலத்தைப் பார்த்து அடி வைப்பதை ஈரியா சமிதி என்று போற்றும் நாம், பாராமல் விரல் வைப்பது எங்ஙனம் பொருந்தும்?

2018 ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், ஒரு செய்தியை ஒரு முறையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு இந்தியாவில் வரம்பிட்டது. இது புறத்திலிருந்து இடப்பட்ட வேலி. விரதமோ அகத்தில் நாமே இட்டுக்கொள்ளும் வேலி. அதனைக் கற்பிக்கவும் இயலும். கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் அரசுப் பள்ளிகள் 150-இல், பொய்ச் செய்தியைக் கண்டறியும் பாடம் சிறுவர்க்குக் கற்பிக்கப்பட்டது. அத்திட்டத்துக்கு "சத்தியமேவ ஜயதே" என்றே பெயர். நம் ஜினாலயங்களில் நடைபெறும் சிறுவர் வகுப்புகளிலும் அணுவிரதப் பாடத்தோடு மூன்று வினாக்களைச் சேர்க்கலாம்: இதனை முதலில் சொன்னவர் யார்? இது எப்போது, எங்கே நிகழ்ந்தது? இது பொய்யாயின் துன்புறுவார் யார்? விடை தெரியாதவற்றைப் பரப்பாது நிறுத்துக; அபாயம் மெய்யென்று அஞ்சினால் காவல் நிலையத்துக்குத் தெரிவிக்க. ஆசிரியப் பயிற்சியில் நாங்கள் கற்றது, வினவப் பழகிய பிள்ளையே கற்கும் பிள்ளை என்பது. அப்பிள்ளை வீட்டுக்கு வந்து பாட்டியையும் தாத்தாவையும் வினவினால், சினவாமல் விடை கூறுவதும் விரதத்தைக் காத்தலே ஆகும்.

வாழ்க வாய்மை, வளர்க ஜினதருமம்.