அதே மல்லாரி

சீடன்: ஐயா, கோபித்துக்கொள்ளக் கூடாது. சாமி புறப்பாட்டுக்கு நாகஸ்வரத்தில் மல்லாரி வாசித்து வாசித்துச் சலித்துப்போச்சு. அதே கம்பீர நாட்டை, அதே மூன்று காலம். விரல் அது பாட்டுக்கு ஓடுகிறது, மனசு வேறெங்கோ கிடக்கிறது.

குரு: கோபமில்லை தம்பி. நேற்று கோபுர வாசலில் தவில்காரர் எந்த இடத்தில் நிறுத்தி எடுத்தார்?

சீடன்: கவனிக்கவில்லை ஐயா.

குரு: மல்லாரிக்கு சாகித்யம் கிடையாது. அதில் பாதி தவிலில்தான் இருக்கிறது. அந்தப் பாதியைக் கேட்காமல் வாசித்தால் மிஞ்சுவது விரல் சாதகம். அது யாருக்கும் சலிக்கும்.

சீடன்: கேட்டாலும் என்ன ஆகப்போகிறது? திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையை உலகம் தோடிக்காகத்தானே நினைக்கிறது? மல்லாரிக்காக யாரை நினைக்கிறார்கள்?

குரு: நியாயமான கேள்விதான். மல்லாரியால் பெரிய பேர் வராது, மறைக்க மாட்டேன். ஆனால் அவரும் அந்த ஒரே தோடியைத்தானே ஆயுசு முழுக்க வாசித்தார்?

சீடன்: அது மனோதர்மம். நாளுக்கு ஒரு தோடி. இங்கே எல்லாம் கட்டிவைத்த உருப்படி.

குரு: கட்டு உருப்படியில்தான். உதட்டில் வைக்கிற சீவாளி அந்தக் கட்டுக்கு அடங்குமா? மார்கழிப் பனியில் ஒரு மாதிரி பேசும், சித்திரை வெயிலில் தேருக்கு முன்னால் வேறு மாதிரி பேசும். உதடு கொஞ்சம் இறுகினாலே காந்தாரம் தூக்கிவிடும். நேற்று உன் காந்தாரம் தூக்கித்தான் நின்றது. ஒத்துக்காரர் திரும்பிப் பார்த்தாரே, தெரியவில்லையா?

சீடன்: அவர் பாடு இன்னும் மோசம் ஐயா. ராத்திரி முழுக்க ஒரே சுருதி.

குரு: அதனால்தான் பல செட்டுகளில் சுருதிப் பெட்டி வந்துவிட்டது. பெட்டிக்குச் சலிக்காது, வாஸ்தவம். உன் காந்தாரம் பிசகினால் அது திரும்பியும் பார்க்காது.

சீடன்: அப்படியென்றால் உங்களுக்குச் சலித்ததே இல்லையா?

குரு: ஏன் இல்லை? கெட்டிமேளம் கொட்டின கையோடு கல்யாண மண்டபமே பந்திக்கு எழுந்து ஓடும். நாம் காலி நாற்காலிகளுக்கு வாசித்துக்கொண்டிருப்போம். (அந்த நேரத்தில் சினிமாப் பாட்டுக்குச் சீட்டு அனுப்புகிறவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.) அப்போதெல்லாம் ஒரு காரியத்தை மட்டும் எடுத்துக்கொள்வேன். இன்றைக்குத் திஸ்ரத்துக்குப் போகிற இடத்தில் மூச்சு எடுப்பது தெரியக் கூடாது என்று. தேறியதா இல்லையா என்பது எனக்கும் தவில்காரருக்கும் தெரியும்.

சீடன்: கூட்டத்துக்குத் தெரியாதே?

குரு: கூட்டம் சாமி பார்க்க வந்தது. நம்மைக் கேட்க வந்ததாக நினைத்துக்கொள்வதில்தான் உன் சலிப்பில் பாதி இருக்கிறது. நாளையிலிருந்து ஒரு வாரம் குழலைத் தொடாதே. தாளத்தை வாங்கிக்கொண்டு தவிலுக்குப் பக்கத்தில் நில். அதற்கப்புறமும் சலித்தால் சொல், கச்சேரி மட்டும் செய்கிற செட்டாகப் பார்த்துச் சேர்த்துவிடுகிறேன். அதிலும் தப்பில்லை.