தட்டிலும் வேண்டும் சரிபாதி!



ஆடித் தபசு என்றதுமே நம் மனம் சங்கரன்கோவிலுக்குப் பறந்துவிடும், இல்லையா? தபசுக் காட்சி நாளன்று மேலநீலிதநல்லூர் போன்ற சுற்றுவட்டாரக் கிராமங்களில் இருந்தெல்லாம் மக்கள் திரண்டு வருவார்கள். நிலத்தில் விளைந்த நெல், பருத்தி, மிளகாய் வற்றல் என்று கையோடு கொண்டு வந்ததைச் சப்பரத்தை நோக்கி வீசி, 'சூறை' விடுவார்கள். 'விளைந்ததெல்லாம் நீ தந்தது தாயே!' என்று ஒப்படைக்கிற அழகு அது.

அன்னை கோமதி எதற்காகத் தபசு இருந்தாள்? சங்கன், பதுமன் என்ற நாக அரசர்களுக்குள் 'சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா' என்று வாக்குவாதம். தீர்ப்புக் கேட்டு அம்பாளிடம் வந்தார்கள். அன்னை ஒருவரை உயர்த்தி மற்றவரைத் தாழ்த்தவில்லை. புன்னை வனத்தில் தவம் செய்தாள். ஈசன் வலப்பாதி சிவனாகவும் இடப்பாதி திருமாலாகவும் காட்சி தந்தார். விபூதியும் துளசியும் ஒரே சந்நிதியில் மணக்கும் சங்கரநாராயணர் திருக்கோலம் இதுதான்!

இந்தச் சரிபாதித் தத்துவம் நம் சமையலறைக்கும் பொருந்தும். தட்டு நிறைய சோறு, ஓரத்தில் ஒரு கரண்டிக் காய் என்பதுதானே நம் வழக்கம்? ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1918-ல் நம் குன்னூரில் தொடங்கிய ஆராய்ச்சியில் இருந்து வளர்ந்தது. அது சொல்லும் 'என் தட்டு' கணக்கைக் கேளுங்கள். ஒரு நாள் உணவில் பாதி காய், கீரை, கிழங்கு, பழம். மறுபாதியில்தான் அரிசி, சிறுதானியம், பருப்பு, பால் எல்லாம். 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு, சமைப்பதற்கு முந்தைய எடையில் தானியம் 250 கிராம், பருப்பு - பயறு 85 கிராம், காய் - கீரை - கிழங்கு சேர்த்து 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி போதும்.

'இதற்கெல்லாம் தனிச் சமையலா?' என்று மலைக்க வேண்டாம். நெல்லைச் சீமையின் உளுந்தம்பருப்புச் சோற்றையும் எள்ளுத் துவையலையும் நினைத்துப் பாருங்கள். அரிசியில் குறைவாக இருக்கும் புரதக்கூறு உளுந்தில் உண்டு. உளுந்தில் குறைவது எள்ளில் உண்டு. ஒன்றின் குறையை மற்றொன்று நிறைக்கிறது. கூடவே ஒரு கீரைக் கூட்டு, ஒரு காய் வைத்துவிட்டால் தட்டு நிறைந்துவிடும். பக்கத்து ஊரான புளியங்குடி எலுமிச்சைக்குப் பெயர் பெற்றது. கீரையையோ சுண்டலையோ அடுப்பில் இருந்து இறக்கிய பிறகு சில சொட்டு எலுமிச்சைச் சாறு பிழியுங்கள். அதிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்றுக்கொள்ள அது துணை செய்யும்.

இதை எழுதும்போது ஒரு காட்சி மனதை உறுத்துகிறது சகோதரி! நைவேத்தியம் படைத்து, கணவருக்கும் குழந்தைகளுக்கும் பரிமாறி, கடைசியில் அடிச்சோற்றில் ரசம் ஊற்றிப் பிசைந்து சாப்பிடுகிறவர் நீங்கள்தானே? விரத நாளில் காபியை மட்டுமே குடித்துப் பொழுதைக் கழிப்பதும் நீங்கள்தானே? பிரதட்சிணம் வரும்போது கண் இருட்டினால் 'வெயில்தான்' என்று சமாளித்து விடுகிறோம். ஆனால் 2019-21ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வு, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை இருப்பதாகச் சொல்கிறது. அடிக்கடி தலைசுற்றலும் களைப்பும் வந்தால் ரத்தப் பரிசோதனை செய்து, மருத்துவரிடம் காட்டுங்கள். காபி, டீயைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் தவிர்த்து விடுங்கள். அவை இரும்புச்சத்து உடலில் சேருவதைத் தடுக்கும். சர்க்கரை, சிறுநீரகத் தொந்தரவு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவர் சொல்லும் அளவையே பின்பற்றுங்கள். அவரைக் கேட்காமல் விரதமும் வேண்டாம்.

அன்னை தபசு இருந்தாள்தான். ஆனால் அந்தத் தவத்தின் பலனாக அவள் கேட்டது, இரண்டும் சமமாக இணைந்த ஒரு திருக்கோலம். வீட்டில் எல்லோருக்கும் ஒரு பங்கு, நமக்கு மட்டும் மிச்சம் என்றால் அங்கே சமம் எங்கே இருக்கிறது?

வருகிற வெள்ளிக்கிழமை அம்மனுக்கு மாவிளக்கு ஏற்றுங்கள். பூஜை முடிந்ததும் உங்களுக்கும் ஒரு தட்டு வைத்துக்கொண்டு, குடும்பத்தோடு சேர்ந்து உட்காருங்கள். பாதித் தட்டில் காயும் கீரையும் இருக்கட்டும். முதல் கவளத்தை 'தாயே கோமதி!' என்று சொல்லி வாயில் வையுங்கள். பசியோடு நிற்கும் மகளைப் பார்த்து எந்தத் தாய்தான் மகிழ்வாள்?