இரவல் விளக்கு

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில், விடியற்காலை ஐந்து மணிக்கு அக்னி லிங்கத்தில் கும்பிட்டுவிட்டு எம லிங்கம் வரை போய்த் திரும்புவேன். எனக்கு 69 வயது. ஒரு காலத்தில் பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டரும் சுற்றியவள். இப்போது முழங்கால் அவ்வளவு தூரத்துக்கு இடம் கொடுப்பதில்லை. ஆனால் நடக்கும் தூரத்தை வேகமாக நடக்கிறேன். கூட வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் கணக்கு.

தங்கைக்கு இது பிடிக்கவில்லை. "நிறைமாசக் கர்ப்பிணி மாதிரி மெதுவாப் போறதுதானே அக்கா கிரிவலம்? நீ மூளைக்காக நடக்கிறே. இதுல சாமி எங்க இருக்கு?"

பல நாள் அந்தக் கேள்வி என்னைக் குடைந்தது.

எங்கள் அம்மா கடைசி நான்கு வருடம் என்னைப் பார்த்து "யாரும்மா நீ?" என்றாள். ஆனால் சாயங்காலம் விளக்கேற்றியதும், யாரென்று தெரியாத என் நெற்றியில் திருநீறு பூசிவிடுவாள். கை மறக்கவில்லை. பெயரையும் முகத்தையும் சேர்த்துவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதிதான் தேய்ந்துபோயிருந்தது. கடற்குதிரை வடிவில், காதுக்கு உட்புறமாக மூளைக்குள் இருக்கும் சிறு சதை அது.

அமெரிக்காவில் கிர்க் எரிக்சன் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், 55 முதல் 80 வயது வரையிலான 120 பேர் கலந்துகொண்டார்கள். வாரம் மூன்று நாள், 40 நிமிடம் என்று ஓராண்டு நடந்தவர்களுக்கு அந்தப் பகுதி சுமார் 2 சதவீதம் வளர்ந்திருந்தது. கைகால் நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குச் சுருங்கியிருந்தது. பின்னால் வந்த சில ஆய்வுகளில் இந்த வளர்ச்சி தெரியவில்லை. நடந்தால் மறதி நோய் வராது என்று யாரும் உறுதி தர முடியாது.

படித்தபோது முதலில் எனக்குப் பயம்தான் வந்தது. நினைவு வெறும் சதைதான் என்றால் உயிர் என்பது என்ன? பிறகுதான் சித்தாந்த வகுப்பில் கேட்டது நினைவுக்கு வந்தது. மனம், புத்தி, சித்தம், அகங்காரம் நான்கும் மாயையிலிருந்து பிறந்த சடப்பொருள்கள், உயிர் அறிவதற்காக இறைவன் தந்த கருவிகள் என்கிறது சைவ சித்தாந்தம். மாயையை விடியும்வரை எரியும் விளக்குக்கு ஒப்பிட்டார் உமாபதி சிவம். விளக்கு மங்கியதால் அம்மாவின் உயிர் குறைந்துபோகவில்லை. அவளைப் பார்த்துக்கொண்ட எனக்கு இதில் துளியும் சந்தேகமில்லை.

ஆனால் இரவல் விளக்கென்றால் திரி தூண்டாமல் விட்டுவிடலாமா? உடம்பு பொய்தானே என்று நாற்காலியில் உட்கார்ந்துவிடுவதைத் துறவு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது தந்தவனுக்குச் செய்யும் அவமரியாதை. தங்கையிடம் இதைத்தான் சொன்னேன்: "சாமி கொடுத்ததைத் துடைச்சு வைக்கிறேன்டி. அதுவும் பூசைதான்."

அறுபதைத் தாண்டியவர்களே, வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நாளைக் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்குங்கள்.