தீர்ப்புக்கும் சாவிக்கும் நடுவே

வீட்டைக் காலி செய்யும்படி உத்தரவு வந்துவிட்டால் வழக்கு முடிந்தது என்று நினைப்போம். 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் சென்னையில் வழக்காடிய வீட்டுக்காரருக்கு அது பாதி வழிதான். சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் மனு, எதிருரை, சாட்சி, வாய்தா. உத்தரவுக்குப் பின் மேல்முறையீடு, கூடவே தடையாணை. அப்புறம் உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனு. அங்கும் வென்றவர் நிறைவேற்று மனு போட்டு, அமீனா வந்து நிற்கும் நாள்வரை காத்திருக்க வேண்டும். அப்பா போட்ட வழக்கில் மகன் கைக்குச் சாவி வந்த குடும்பங்கள் உண்டு.

சட்டத்தின் நோக்கத்தில் குறையில்லை. உலகப்போரை ஒட்டிய வீட்டுத் தட்டுப்பாட்டில், 1946இல் வந்த சென்னைச் சட்டத்தின் வழிவந்தது அது. குடியிருப்பவரை நினைத்த நேரத்தில் தெருவில் நிறுத்தக் கூடாது என்பது அன்றும் நியாயம், இன்றும் நியாயம். வாடகை பாக்கி, உள்வாடகை, சொந்தத் தேவை, இடித்துக் கட்டுதல் என்று காரணங்களை வரையறுத்து, நிரூபித்துவிட்டு வா என்றது. பாக்கியைக்கூட வேண்டுமென்றே வைத்திருந்தால்தான் குற்றம். அந்தக் கவனம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் நிரூபித்தவரையும் ஆண்டுக்கணக்கில் அலையவிட்டதை எதைச் சொல்லி நியாயப்படுத்துவது?

அந்தத் தாமதத்துக்கு விலை கொடுத்தவர்கள், வழக்கோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத பிந்தைய குடித்தனக்காரர்கள். சென்னையின் பத்து மாத அட்வான்ஸை நான் அப்படித்தான் பார்க்கிறேன்: கோர்ட்டுக்குப் போனால் மீள முடியாது என்ற வீட்டுக்காரரின் பயத்துக்கு, இன்னும் ஒரு தவறும் செய்யாதவர் முன்கூட்டியே கட்டும் ஈடு. அதைப் புரட்ட நகையை அடகு வைத்தவர்கள் எத்தனை பேர்! சாதியையும் மதத்தையும் விசாரித்து வீடு இல்லை என்பதற்கும், தனியாக வாழும் பெண்ணைத் திருப்பி அனுப்புவதற்கும் இதே பயம் சாக்காகிறது. சாக்கு என்றுதான் சொல்வேன். அந்த வெறுப்பின் வேர் வேறிடத்தில் இருக்கிறது.

2019 பிப்ரவரி 22 முதல் புதிய சட்டம் நடைமுறையில் இருக்கிறது. வாடகை அதிகாரி, வாடகை நீதிமன்றம், தீர்ப்பாயம் என்று தனி அமைப்பு. எழுத்தில் ஒப்பந்தம், அதற்குப் பதிவு. வேறு விதமாக எழுதிக்கொள்ளாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. இவை நல்லவை. ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதையே வெளியேற்றத்துக்கான காரணமாக்கியது மட்டும் உறுத்துகிறது. கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்தவர் வீட்டுக்காரராக இருந்தால், வீட்டை இழப்பவர் யார்?

குடியிருப்பவரின் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக் கூடாது என்று பழைய சட்டமும் சொன்னது, புதியதும் சொல்கிறது. இரவோடிரவாக ஆள் வைத்துச் சாமானைத் தூக்கி எறிவது அப்பட்டமான குற்றம். அந்தக் குற்றம் ஒரே இரவில் பலன் தந்து, முறையான வழி பத்தாண்டு எடுத்தால் சட்டத்தை நம்பியவர்தான் ஏமாளி ஆவார். ஆகவே காலி செய்யும் உத்தரவிலேயே இரண்டு தேதிகள் இருக்க வேண்டும்: பிள்ளைகளின் பள்ளி ஆண்டையும் வேறு வீடு தேடும் அலைச்சலையும் கணக்கில் எடுத்து, குடியிருப்பவருக்குத் தரும் கெடு ஒன்று, அது தவறினால் இன்னொரு மனு கேட்காமல் அமீனா வரும் நாள் மற்றொன்று.