ஏரிக்காக மட்டும் வாக்களிக்கலாமா?

வேட்பாளரின் கட்சி, சாதி, மற்றக் கொள்கைகள் அனைத்தையும் ஒதுக்கிவிட்டு, ஒரே கோரிக்கையில் அவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று மட்டும் பார்த்து வாக்களிப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஏரி, குடிநீர், மணல், ஆலைக்கழிவு என்று கோரிக்கை ஊருக்கு ஊர் மாறும். அதற்காகப் போராடும் அமைப்புகள் வாக்கு சிதறாமல் ஒருவரையே நிறுத்த வேண்டும், மற்றவர்கள் விலக வேண்டும் என்ற வற்புறுத்தலும் கூடவே எழும். அப்படி வாக்களிப்பது முறையா, அப்படி விலகச் சொல்வது நியாயமா என்ற இரண்டையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

புதுச்சேரியின் கிராமக் கொம்யூன்களில் இந்தக் கோரிக்கை தண்ணீராக அமைவதில் வியப்பில்லை. சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக வரும் நீர் பாகூர் ஏரிக்கு உயிர். ஏரி வற்றினால் போர்வெல் ஆழமாகிறது. கடலோரத்தில் போர்வெல் ஆழமானால் உப்புநீர் உள்ளே வருகிறது. ஏரி போனால் மற்ற எந்தத் திட்டத்தாலும் பயனில்லை என்று பாகூர் விவசாயி ஒருவர் கருதினால், அதைக் குறுகிய பார்வை என்று தள்ளிவிட முடியாது. பழுதான சாலையை அடுத்த ஆட்சி போட்டுவிடலாம். உப்பேறிய நிலத்தடி நீரை ஐந்தாண்டில் மீட்க முடியாது. மீட்க முடியாத ஒன்று ஆபத்தில் இருக்கும்போது மற்றவற்றைப் பின்னுக்குத் தள்ளி அதற்காக வாக்களிப்பது பொறுப்பான செயலே.

ஆனால் வாக்குக் கேட்பவருக்கும் ஒரு கடமை உண்டு. சொர்ணாவூர் அணைக்கட்டு தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கிறது. வில்லியனூர்ப் பக்கத்து ஊசுட்டேரி புதுச்சேரி, தமிழ்நாடு இரண்டிலும் பரந்து கிடக்கிறது. பெரிய ஏரிகளின் பராமரிப்பு பொதுப்பணித் துறையிடம் இருக்கிறது. பஞ்சாயத்துத் தலைவர் தீர்மானம் போடலாம், ஆக்கிரமிப்பைச் சுட்டலாம், மக்களைத் திரட்டலாம். அணையைத் திறக்க அவரால் முடியாது. இதை மறைத்து ஏரியைக் காப்பேன் என்று மட்டும் முழங்குபவர், கோரிக்கை எவ்வளவு நல்லதாக இருந்தாலும், வாக்காளரை ஏமாற்றுகிறார்.

ஒரே கேள்விக்கு ஒன்றுபட்டு வாக்களித்த பெரிய நிகழ்வு ஒன்று வில்லியனூர் வட்டாரத்திலேயே நடந்தது. 1954 அக்டோபர் 18இல் கீழூரில் பிரெஞ்சிந்தியப் பிரதிநிதித்துவ சபையினரும் நகரசபை உறுப்பினர்களுமாக 178 பேர் கூடினார்கள். இந்தியாவுடன் இணைவதா என்பதே கேள்வி. 170 பேர் ஆம் என்றார்கள், 8 பேர் மறுத்தார்கள். பிரெஞ்சு ஆட்சிக்கு எதிராக நெடுங்காலம் போராடிய கம்யூனிஸ்ட் தலைவர் வ. சுப்பையாவும், பல ஆண்டுகள் பிரெஞ்சு ஆட்சியின் பக்கம் நின்று அந்த ஆண்டு மார்ச்சில்தான் இணைப்புக்கு மாறிய எதுவார் குபேரும் அரசியலில் எதிரிகள். அந்த ஒரு கேள்வியில் இருவர் நிலையும் ஒன்றானது. நேற்றுவரை எதிர்ப்பக்கம் இருந்தவரை ஏற்பதா என்ற கசப்பு போராடியவர்களுக்கு இருந்திருக்கும். ஆனாலும் அந்தக் கேள்விக்கு அந்த ஒற்றுமை தகுந்ததே. இணைப்பு முடிந்ததும் இரு தரப்பும் பழையபடி எதிரெதிரே நின்றன. அதிலும் குற்றமில்லை.

கீழூரில் கேட்டது ஒரு கேள்வி, சொன்னது ஒரு விடை. பஞ்சாயத்துத் தேர்தலில் நிலைமை வேறு. ஏரிக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவரே ஐந்து ஆண்டுகள் காலனியின் குடிநீர்க் குழாய்க்கும் சுடுகாட்டுப் பாதைக்கும் தெருவிளக்குக்கும் பொறுப்பு. கவனத்தை ஈர்க்க மட்டுமே என்றால் பதவி தேவையில்லை. 1996இல் ஈரோடு மாவட்டம் மொடக்குறிச்சிச் சட்டமன்றத் தொகுதியில் விவசாயிகளின் குறைகளைச் சொல்லப் பலர் போட்டியிட்டதால் 1,033 வேட்பாளர்கள் களத்தில் இருந்தார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகம்போல் அச்சிட வேண்டியதாயிற்று. குறை சொல்ல வந்தவர்கள் ஆட்சி செய்ய நிற்கவில்லை, நாடு தங்களைத் திரும்பிப் பார்க்க நின்றார்கள். அதனால் மற்ற விஷயங்களில் அவர்கள் என்ன நினைத்தார்கள் என்று ஆராயத் தேவை எழவில்லை. வெல்வதற்காக நிற்பவரை அப்படி விட்டுவிட முடியாது. ஏரிக் கரையை உயர்த்தப் போராடியவர் காலனிக்குள் கால்வைக்கத் தயங்குபவராக இருந்தால், ஏரிக்காக அவருக்கு விழும் வாக்கின் விலையைக் காலனி கொடுக்க நேரும்.

ஒற்றுமை என்ற சொல்லுக்கு ஊர்களில் இன்னொரு வரலாறும் உண்டு. மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டதால் 1996 முதல் பத்தாண்டுகள் தேர்தலே முறையாக நடக்க விடப்படவில்லை. நின்றவர்கள் விலகினார்கள், வென்றவர்கள் பதவி விலக வைக்கப்பட்டார்கள். 2006இல்தான் அங்கே தலைவர்கள் பதவியில் நிலைத்தார்கள். தேர்தலைத் தடுத்ததையும் ஊர்க்கட்டுப்பாடு, ஊர் ஒற்றுமை என்றுதான் சொன்னார்கள். போராட்ட அமைப்புகளின் ஒற்றுமை அதே தராசில் வைக்கத்தக்கதன்று. ஆனால் விலகச் சொல்லப்படுபவர் எப்போதும் பெண்ணாகவோ தலித்தாகவோ நிலமற்றவராகவோ இருந்தால், அந்த ஒற்றுமை ஊர்க்கட்டுப்பாட்டின் சாயலை எடுத்துவிடுகிறது. மறுக்கும் உரிமை இல்லாதவரின் விலகலுக்குத் தியாகம் என்று பெயர் சூட்டுவது கொடுமை.

ஏரி என்ற கோரிக்கையும் எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. ஆயக்கட்டுதாரருக்கு அது பாசனம். மாடு வளர்ப்பவருக்குக் குடிநீர், மீன் பிடிப்பவருக்குப் பிழைப்பு, கூலிக்காரருக்கு நடவு வேலை. ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் 1999இல் தொடங்கி புதுச்சேரியில் 84 ஏரிகளைச் சீரமைத்த திட்டத்தில், நிலமுள்ளோருடன் நிலமற்றோரையும் பெண்களையும் ஏரிச் சங்கங்களில் சேர்த்தது இதை உணர்ந்த செயல். பொது வேட்பாளரைத் தேர்வதற்கும் அதே வழி பொருந்தும்: எல்லாத் தெருவினரும் கூடிய கூட்டத்தில், கோரிக்கை என்ன, பஞ்சாயத்தால் எதுவரை முடியும், மற்றக் கடமைகளில் அவர் என்ன செய்வார் என்பதை எழுதி வாசித்துவிட்டு முடிவெடுக்க வேண்டும். நாலைந்து சங்கத் தலைவர்கள் ஓர் அறையில் பேசி முடிப்பது போதாது.

இந்த விவாதமெல்லாம் தேர்தல் நடந்தால்தான் பொருள் பெறும். வில்லியனூரும் பாகூரும் 1880ஆம் ஆண்டு பிரெஞ்சு ஆணையிலேயே கொம்யூன்களாக அமைந்த ஊர்கள். ஆனால் 1973ஆம் ஆண்டின் கிராம, கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டப்படி தேர்தல் வர 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. 2021இல் தேதி அறிவித்தும் இடஒதுக்கீட்டு வழக்கால் தேர்தல் நின்றுபோனது. ஏரிக்காரரும் குடிநீர்க்காரரும் காலனிக்காரரும் எந்தத் தயக்கமும் இன்றி இன்றே ஒன்றுசேரத் தகுந்த கோரிக்கை, உள்ளாட்சித் தேர்தலை நடத்து என்பதுதான்.