முதலாளிக்காக வாதாடலாமா?

வேலைநீக்கம் செய்த முதலாளிக்காகக் கத்தோலிக்கச் சட்டத்தரணி ஒருவர் தொழில் நியாயசபையில் தோன்றலாமா? தாராளமாகத் தோன்றலாம். களவெடுத்தவனை நீக்கிய முதலாளிக்கும் நீதி உண்டு. 1957ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் வந்த இச்சபை, சட்டத்தின் எழுத்தோடு நில்லாது, நீதியும் ஒப்புரவுமான கட்டளையைத் தேடுகிறது. (ஒப்புரவு நமக்குப் புதிய சொல்லா?)

தொல்லை தவணையில்தான். தம் பக்கம் நியாயமில்லையென அறிந்தும், சம்பளமற்ற தொழிலாளி களைத்து விழட்டுமென்று தவணைமேல் தவணை கேட்பவர், கூலியைப் பிடித்துவைப்பவனுக்குக் கைகொடுக்கிறார். யாக்கோபு தம் நிருபத்தில் கண்டித்த பாவம் அது. 1891இல் 13ஆம் சிங்கராயர் பாப்பரசரும் தம் சுற்றுமடலில் அதையே நினைவூட்டினார்.

உங்கள் மகன் சட்டத்தரணியாயின் கேட்டுப்பாருங்கள்: “கொடுக்கவேண்டியதைக் கொடுத்து முடியும் ஐயா” என்று கட்சிக்காரரிடம் ஒருமுறையாவது சொன்னானா? சொன்னால் அவனுடைய கட்டணம் குறையும், அறிவோம்.